அண்ணன் அடிக்குதும்மா!

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கு வெளியே, ஆயாவின் இடுப்பில் இருக்கும் மூன்று வயதுப் பையனைப் பார்த்ததும் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: “தங்கச்சிப் பாப்பா வந்துட்டா, இனிமே உன்ன யாருடா தூக்குவா?” கேட்பவருக்கு அது கேலி. பையனுக்கோ வயிற்றைக் கலக்கும் சேதி. தம்பியோ தங்கையோ பிறந்ததும் மூத்த பிள்ளை பட்டம் பறிபோன ராஜாவாகத் தவிக்கும் என்று வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் அட்லர் எழுதினார். நம் வீடுகளில் பட்டம் பறிபோன அறிவிப்பை உறவினரே முந்திக்கொண்டு செய்துவிடுகிறார்கள்.

பாப்பா நடக்கத் தொடங்கியதும் ஆட்டம் மாறும். அண்ணனின் நோட்டில் கிறுக்குவாள். பந்தை ஒளித்துவைப்பாள். அவன் சைக்கிளை எடுத்தால் “நானும் வருவேன்” என்று கேரியரைப் பிடித்துத் தொங்குவாள். பொறுக்க முடியாமல் அவன் ஒரு தட்டுத் தட்டினால் போதும், “அம்மா, அண்ணன் அடிக்குது!” என்ற கூச்சல் தெருமுனை வரை கேட்கும்.

இந்த நச்சரிப்புக்கு மூளை வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உளவியலாளர் ஜூடி டன் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைக் கவனித்தார். இரண்டு வயதுகூட நிறையாத இளையது, மூத்தது உயிராக வைத்திருக்கும் பொருள் எதுவென்று பார்த்து, சண்டை வந்ததும் அதையே பிடுங்கியது. எதிராளியின் மனதைப் படிக்காமல் சரியாகச் சீண்ட முடியுமா? கரோல் கென்ட்ரிக்குடன் அவர் 40 குடும்பங்களில் நடத்திய ஆய்வு 1982-இல் புத்தகமாக வந்தது. “பாப்பா அழுறா, பசிக்குதோ?” என்று மூத்த பிள்ளையிடமும் பேசிக் கலந்துகொண்ட தாய்மாரின் வீடுகளில், பிள்ளைகள் பின்னாளில் கூடுதல் இணக்கமாக இருந்தார்கள்.

ஒட்டிக்கொண்டு திரிவது எல்லா வீட்டிலும் சண்டையில் முடிவதில்லை. சென்னை பாடியில் டி.வி. பார்ப்பதைக் குறைக்கத்தான் வைஷாலியைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். நான்கு வயது இளைய தம்பி பிரக்ஞானந்தாவும் அக்காவைப் பார்த்துப் பலகைமுன் உட்கார்ந்தார். 2018-இல் முதலில் கிராண்ட்மாஸ்டர் ஆனது தம்பி. பிறகு பல காலம் செய்திகளில் வைஷாலி ‘பிரக்ஞானந்தாவின் அக்கா’தான். 2023 டிசம்பரில் அவரும் அந்தத் தகுதியை எட்ட, உலகிலேயே உடன்பிறந்த அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர் ஆனது அதுவே முதல்முறை. 2024-இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இருவர் அணிகளும் தங்கம் வென்றன.

நம் வீடுகளில் சண்டையைக் கெடுப்பது பெரும்பாலும் நடுவர்தான். “நீ பெரியவன், விட்டுக்குடு” என்பது அவனுக்கு. “பொட்டப்புள்ள, அடங்கி இரு” என்பது அவளுக்கு. என்ன நடந்தது என்று விசாரிப்பாரில்லை. இரண்டு தீர்ப்புமே அநியாயம், இரண்டாவது ஆயுளுக்கும் நீளும் அநியாயம்.

அது கரும்புக் காடு பாகம் பிரியும் நாளில் தெரியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அவளிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டி, “சீர் செஞ்சாச்சு, கையெழுத்துப் போடு” என்பார்கள். மறுத்தால், பிறந்த வீட்டு வாசல் அடைபடும். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டென்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் திருத்தியது. ஆனால் அதற்குமுன் மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் மகளின் உரிமை பிறப்பாலேயே வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பளித்தது. வினீதா சர்மா என்ற பெண் தன் சகோதரர்கள்மீது தொடுத்த வழக்கு அது.