பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்! வீட்டு மின்சாரக் கணக்கு

இஸ்திரிப் பெட்டியில் ஒரு சிறு தகடு ஒட்டி இருக்கும். "230 வோல்ட், 1,000 வாட்" என்று அதில் எழுதி இருக்கும். கடையில் வாங்கும்போது அதை யார் படிக்கிறார்கள்? நிறம் பார்க்கிறோம், விலை கேட்கிறோம், வாங்கி வந்து விடுகிறோம்.

ஆனால், அந்தப் பெட்டியை நம் வீட்டு மின்சாரக் கம்பி தாங்குமா, தாங்காதா என்பதை அந்த இரண்டு எண்களைக் கொண்டே தெரிந்து கொள்ளலாம். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

ஏரியும் மதகும்

வோல்ட், ஆம்பியர், ஓம், வாட். இந்த நான்கு பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஓர் ஏரியை நினைத்துக் கொள்ளுங்கள். ஏரியில் நீர்மட்டம் உயர்ந்தால், மதகில் தண்ணீர் வேகமாகப் பாயும். அந்த நீர்மட்டத்தைப் போன்றது மின் அழுத்தம். அதை அளப்பது வோல்ட். மதகு வழியே பாயும் தண்ணீரைப் போன்றது மின்னோட்டம். அதை அளப்பது ஆம்பியர். மதகு குறுகலாக இருந்தால் தண்ணீர் குறைவாகவே வரும். அந்தக் குறுகலைப் போன்றது மின்தடை. அதன் அளவு ஓம்.

பாயும் தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுற்றினால், அந்தச் சக்கரம் எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்று கேட்போம் அல்லவா? மின்சாரத்தில் அதைச் சொல்வது வாட்.

பூட்டுத் தொழிலாளியின் மகன்

இந்தக் கணக்கை உலகுக்குத் தந்தவர் ஜார்ஜ் சைமன் ஓம். 1789-ம் ஆண்டு ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் பிறந்தவர். அவருடைய தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளி. அந்தத் தந்தையே தம் பிள்ளைகளுக்குக் கணிதமும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தார்.

ஓம் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். ஓய்வு நேரத்தில், பல நீளமும் பல பருமனும் உள்ள கம்பிகளில் மின்சாரத்தைச் செலுத்திச் சோதனை செய்தார். அழுத்தம் இரு மடங்கானால் ஓட்டமும் இரு மடங்காகும். தடை இரு மடங்கானால் ஓட்டம் பாதியாகும் என்று கண்டார். 1827-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

அவருடைய நாட்டில் அதற்கு நல்ல வரவேற்பு இல்லை. ஓம் வேலையை விட்டு விலகினார். லண்டன் ராயல் சொசைட்டி 1841-ல் அவருக்குப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. அவர் 1854-ல் காலமானார். 1881-ல் பாரிசில் கூடிய மின்சார மாநாடு, தடையின் அளவுக்கு அவர் பெயரையே ஏற்றுக் கொண்டது.

கணக்குப் போடுவோம்

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். இவ்வளவுதான்!

230 வோல்ட்டில் ஒரு ஹீட்டர் 5 ஆம்பியர் எடுக்கிறது. அதன் தடை என்ன? 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஓம். அதன் சக்தி என்ன? 230-ஐ 5-ஆல் பெருக்கினால் 1,150 வாட். 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவு. ஆகவே, இந்த ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் 1.15 யூனிட் எடுக்கும்.

வாட் தெரிந்தால் ஆம்பியரையும் கண்டு பிடிக்கலாம். வாட்டை வோல்ட்டால் வகுக்க வேண்டும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி எடுப்பது சுமார் 4.35 ஆம்பியர். 2,000 வாட் ஹீட்டர் எடுப்பது சுமார் 8.7 ஆம்பியர். (சூடு தரும் சாதனங்களுக்கு இந்தக் கணக்கு நேராகப் பொருந்தும். மோட்டார் உள்ளவற்றில் சற்று மாறும்.)

மாலையில் விளக்கு மங்குவது ஏன்?

மேலே சொன்ன இஸ்திரிப் பெட்டியின் தடை சுமார் 53 ஓம். அழுத்தம் 200 வோல்ட்டாக இறங்கினால், ஓட்டம் சுமார் 3.8 ஆம்பியராகக் குறையும். சக்தி சுமார் 755 வாட் ஆகி விடும். அழுத்தம் எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது. சூடோ கால் பங்கு குறைந்து விட்டது! ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் அழுத்தம் இறங்கினால், பழைய கம்பி இழை பல்பு மங்குவதும் இதனால்தான்.

ஆபத்து எங்கே?

நம் வீட்டுச் சிறிய பிளக் 6 ஆம்பியர் தாங்கும். பெரிய பிளக் 16 ஆம்பியர் தாங்கும். 230-ஐ 6-ஆல் பெருக்கினால் 1,380 வாட். அதுதான் சிறிய பிளக்கின் எல்லை. 2,000 வாட் ஹீட்டரை அதில் செருகலாமா? கூடாது!

இணைப்புப் பெட்டி ஒன்றில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியையும், 1,500 வாட் கெட்டிலையும் சேர்த்துச் செருகுகிறோம். மொத்தம் 2,500 வாட்; சுமார் 11 ஆம்பியர். 6 ஆம்பியர் கம்பி சூடேறும். மேலே உள்ள ரப்பரும் பிளாஸ்டிக்கும் இளகும். பிறகு தீ!

தளர்ந்த இணைப்பும் அப்படியே. பிளக்கில் திருகு தளர்ந்து அரை ஓம் தடை ஏற்பட்டது என்று வைத்துக் கொள்வோம். அதன் வழியே 8.5 ஆம்பியர் ஓடினால், அந்தச் சிறு இடத்தில் சுமார் 36 வாட் சூடு உண்டாகும். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயத்தை உருக்கும் கருவியே 25 வாட்தான்!

பியூஸ் போனால் சிலருக்குக் கோபம் வருகிறது. கைக்குக் கிடைத்த தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி விடுகிறார்கள். அளவு மீறும்போது தான் உருகி வீட்டைக் காப்பது பியூஸ். காவற்காரனைக் கட்டிப் போட்டு விட்டுத் தூங்கலாமா?

வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால், ஒரு காகிதத்தில் எல்லாச் சாதனங்களின் வாட்டையும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் 230-ஆல் வகுக்கட்டும். 6-க்கு மேல் வரும் சாதனம் எந்தப் பிளக்கில் இருக்கிறது என்று பாருங்கள். சிறிய பிளக்கில் இருந்தால், இன்றே எடுத்து விடுங்கள். கம்பியை மாற்ற வேண்டுமானால், உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கூப்பிடுங்கள்.