இடுப்பு நாடாவும் ஆறாத புண்ணும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, ஏதாவது புதிய இயந்திரத்தைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை எழுதினால் நாலு பேருக்காவது உதவும் என்று தோன்றியது. தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இது தோல் புற்றுநோயைப் பற்றிய கட்டுரை. கடைசி வரை படியுங்கள்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா தறி நெய்கிறார், அம்மா கூட உட்கார்ந்து கரை கோர்ப்பார், ஆயா தார் சுற்றுவார். வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் மருந்துச் சீட்டு, பேங்க் பாரம், ரேஷன் கார்டு என்று எழுத்து இருக்கும் எல்லாவற்றையும் என்னிடம்தான் நீட்டுவார்கள். ஆனால் ஆயாவின் இடுப்பில் இருந்த புண்ணைப் பற்றி மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

பாவாடை துவைக்கும்போது நாடா பக்கத்தில் ரத்தக் கறையைப் பார்த்தது அக்காதான். கேட்டதற்கு, "நாடா அறுத்த புண்ணுடி, எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதான்" என்று ஆயா சொல்லிவிட்டார். மஞ்சள் வைத்தார், தேங்காய் எண்ணெய் தடவினார். மருந்துக் கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள், அதையும் தடவினார். புண் காய்வதுபோல் காயும், மறுபடி கசியும்.

அந்தச் சமயம், 2024ஆம் ஆண்டு இறுதியில், நம் கல்லூரி நூலகத்தில் செய்தித்தாள் புரட்டியபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. பாவாடை நாடாவையோ புடவையையோ இடுப்பில் இறுக்கிக் கட்டியதால் இரண்டு பெண்களுக்குத் தோல் புற்றுநோய் வந்ததாக டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அதை வீட்டில் சொன்னேன். அக்கா அப்படியே நிமிர்ந்து ஆயாவைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

தோல் என்னும் துணி

நம் தோலின் மேல்பகுதி பல அடுக்குச் செல்களால் ஆனது. அடியில் இருக்கும் செல்கள் பிரிந்து புதுச் செல்களை உண்டாக்குகின்றன. அவை மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, கடைசியில் செதிலாக உதிர்கின்றன. ஒரு செல் அடியிலிருந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. அடிச் செல்களுக்கு இடையே ஆங்காங்கே மெலனின் என்ற கருநிறப் பொருளைத் தயாரிக்கும் செல்களும் உண்டு.

இதில் எந்தச் செல் கட்டுப்பாடு இழந்து பெருகுகிறது என்பதை வைத்துத் தோல் புற்றை முக்கியமாக மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்.

1. அடிச்செல் புற்று: பெரும்பாலும் முகத்தில் வரும். மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அபூர்வம்.

2. செதிள்செல் புற்று: தட்டைச் செல்களில் வருவது. கவனிக்காமல் விட்டால் நெறிகட்டும் இடங்களுக்கும் பிற உறுப்புகளுக்கும் பரவும்.

3. மெலனோமா: கருநிறச் செல்களில் வருவது. மூன்றில் இதுதான் ஆபத்தானது. நம்மைப் போன்ற நிறத்தவர்க்கு இது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில்தான் அதிகம் வருகிறது.

வெள்ளைக்காரர்களுக்குத் தோல் புற்று வர முக்கியக் காரணம் வெயிலில் உள்ள புறஊதாக் கதிர். ஆஸ்திரேலியாவில் இது மிக அதிகம். நமக்கு மெலனின் குடைபோல் இருந்து காக்கிறது. அதனால் இந்தியாவில் தோல் புற்று குறைவு. குறைவுதானே தவிர, இல்லை என்று அர்த்தமில்லை. நமக்கு வரும் செதிள்செல் புற்று பல சமயம் வெயில் படாத இடத்தில், பழைய தழும்பிலும் ஆறாத புண்ணிலும் வருகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் 1828இல் இத்தகைய தழும்புப் புண்களைப் பற்றி எழுதினார். அதனால் இதை மார்ஜோலின் புண் என்கிறார்கள்.

வேட்டி, காங்கிரி, புடவை

நம் நாட்டுப் பழக்கவழக்கத்தால் வரும் தோல் புற்றைப் பற்றி நம் நாட்டு டாக்டர்களும் எழுதியிருக்கிறார்கள். 1945இல் பம்பாயைச் சேர்ந்த கனோல்கரும் சூர்யாபாயும் 'வேட்டிப் புற்று' என்பதை உலகுக்குத் தெரியப்படுத்தினார்கள். இடுப்பில் ஒரே இடத்தில் வேட்டியை வருஷக்கணக்கில் இறுக்கிக் கட்டியதால் வந்தது அது.

காஷ்மீரில் குளிருக்காகக் காங்கிரி என்ற நெருப்புச் சட்டியைத் தொளதொள அங்கிக்குள் வயிற்றோடு வைத்துக்கொள்வார்கள். அந்தச் சூடு தினமும் பட்டுப்பட்டு வயிற்றிலும் தொடையிலும் வரும் புற்றுக்குக் 'காங்கிரிப் புற்று' என்று பெயர்.

பிறகு 'புடவைப் புற்று' என்ற பெயர் வந்தது. நான் படித்த செய்தி அதைப் பற்றித்தான். மகாராஷ்டிராவின் வார்தாவிலும் பீகாரின் மதுபனியிலும் உள்ள மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 2024இல் அதை ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒருவர் 70 வயதுப் பெண். இடுப்பின் வலப் பக்கத்தில் 18 மாதமாக ஆறாத புண். இன்னொருவர் அறுபதைத் தாண்டியவர். பாவாடை இல்லாமல் லுகடா என்ற புடவையை 40 வருஷம் இடுப்பில் இறுக்கிக் கட்டியவர். இரண்டு வருஷமாகப் புண். அவருக்குப் புற்று தொடை இடுக்கின் நெறிக்கும் பரவியிருந்தது.

டாக்டர்கள் சொன்ன ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். குற்றவாளி புடவை அல்ல, இறுக்கம்தான். அதனால் 'பாவாடைப் புற்று' என்று சொல்வதே பொருத்தம் என்றார்கள். புடவையை நம்பிப் பிழைக்கும் ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு அது ஒரு ஆறுதல்.

இறுக்கம் எப்படிப் புற்றாகிறது?

எங்கள் வீட்டில் இரண்டு நாடா உண்டு. தறியில் குறுக்கே ஓடுவதும் நாடா, இடுப்பில் கட்டுவதும் நாடா. தறியில் பட்டு இழை ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருந்தால் பஞ்சு கிளம்பி அறுந்துவிடும். நம் பாடத்திலும் படிக்கிறோம். ஒரே பளுவை அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உலோகமே சோர்ந்து விரிசல் விடும்.

ஆனால் இரும்பு தன்னைத் தானே ரிப்பேர் செய்துகொள்ளாது, தோல் செய்துகொள்ளும். சிக்கலே அங்குதான். நாடா உரசும் இடத்தில் முதலில் தோல் கறுக்கும், தடிக்கும், செதில் விடும். பிறகு வெடித்துப் புண்ணாகும். புண்ணை மூட அடிச் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. ஒவ்வொரு முறை பிரியும்போதும் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்ற கட்டளைப் புத்தகம் முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். நகல் எடுக்க எடுக்கப் பிழை சேரும். பிழையைத் திருத்தவும், திருத்த முடியாத செல்லை அழிக்கவும் பி53 போன்ற காவல் மரபணுக்கள் உண்டு. அந்தக் காவலே கெட்டுவிட்டால் செல் தறிகெட்டுப் பெருகும். வெயிலால் வரும் செதிள்செல் புற்றில் இந்த பி53 மரபணு கெட்டிருப்பதை 1991இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். தழும்புப் பகுதியில் ரத்த ஓட்டமும் குறைவு, உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அங்கே போய் வேலை செய்வதும் கஷ்டம்.

இறுக்கும் எல்லோருக்கும் புற்று வராது. கறுத்த தடம் கோடிப் பேருக்கு இருக்கும், புற்று வருவது அபூர்வம். ஆகவே பயப்பட வேண்டாம். ஆனால் ஆறாத புண் என்றால் காட்டியே ஆக வேண்டும்.

நம் ஒர்க்ஷாப்பிலும் உண்டு

இதெல்லாம் பாட்டிமார் விஷயம் என்று நினைக்காதீர்கள். லண்டன் டாக்டர் பெர்சிவல் பாட் 1775இலேயே, புகைபோக்கி துடைக்கும் தொழிலாளிகளின் விதைப்பையில் வரும் தோல் புற்றுக்குக் காரணம் கரி என்று சொன்னார். 1922இல் மான்செஸ்டர் டாக்டர்கள் பஞ்சாலை நூற்பாளர்களுக்கும் அதே புற்று வருவதைக் கண்டார்கள். இயந்திர எண்ணெய் தெறித்துக் கால்சட்டையில் ஊறியதுதான் காரணம். 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெல்டிங் புகையையும் வெல்டிங்கில் வரும் புறஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்ற பட்டியலில் சேர்த்தது.

எண்ணெய்த் துணியைப் பேன்ட் பாக்கெட்டில் சொருகுவதும், ஷீல்டு பிடிக்காமல் ஆர்க் அடிப்பதும் நம்மில் எத்தனை பேர் என்று நமக்கே தெரியும்!

நம் ஊரும் இந்த நோயும்

வாய், உணவுக்குழாய், கருப்பையின் வாய் ஆகிய இடங்களின் உள்பூச்சும் இதே தட்டைச் செல்கள்தான். ஆகவே அங்கே வரும் செதிள்செல் புற்று, தோல் புற்றுக்குச் சொந்தக்காரன் மாதிரி. நம் நாட்டில் வாய்ப் புற்று பெரும்பாலும் இந்த வகை. புகையிலை போட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நெய்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் காஞ்சியில் 15.9.1909 அன்று பிறந்த அறிஞர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுக்கு 1968இல் நியூயார்க் சென்று அறுவை செய்துகொண்டார். ஆனாலும் 3.2.1969 அன்று காலமானார். அவர் நினைவாகத்தான் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அதற்கு முன்பே, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார்.

புதிய சிகிச்சை

செதிள்செல் தோல் புற்றுக்கு முதல் சிகிச்சை அறுவைதான். புண்ணைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். தேவைப்பட்டால் கதிர்ச் சிகிச்சை உண்டு. பரவிவிட்டால்தான் கஷ்டம்.

அப்படிப்பட்டவர்களுக்கும் இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. நம் எதிர்ப்புச் செல்களுக்கு ஒரு பிரேக் உண்டு. புற்றுச் செல் அந்தப் பிரேக்கை அழுத்தித் தப்பித்துக்கொள்கிறது. பிரேக்கை விடுவித்தால் உடம்பே புற்றோடு போராடும். இதைக் கண்டறிந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு செமிப்லிமாப் என்ற மருந்து செதிள்செல் தோல் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2022இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு முன்பே இந்த மருந்தை 79 பேருக்குக் கொடுத்தார்கள். அவர்களில் 40 பேருக்கு, அறுவையில் எடுத்த சதையைச் சோதித்தபோது புற்றுச் செல்லே இல்லை. ஆனால் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரம். நமக்கு எட்டுவது, சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான்.

ஆயா

ஆயாவைக் கிளப்புவது லேசாக இல்லை. "பொம்பளைங்க சமாச்சாரம், உனக்கு எதுக்குடா?" என்று என்னைத் திட்டினார். "ஆம்பளை டாக்டர்கிட்ட இடுப்பைக் காட்டச் சொல்றியா?" என்று அக்காவைத் திட்டினார். அப்பா ஒரு நாள் தறியை நிறுத்தினார். நாங்கள் எல்லோருமாகக் காரப்பேட்டைக்குப் போனோம்.

பார்த்தவர் பெண் டாக்டர். "எத்தனை நாளா இருக்கு பாட்டிம்மா?" என்றார். நாலைந்து மாதம் என்று நாங்கள் சொல்ல வாயெடுத்தோம். ஆயா மெதுவாக, "போன வருஷம் கருட சேவைக்கே இருந்துதும்மா" என்றார். கணக்குப் பார்த்தால் ஒன்றரை வருஷம்! ஒரே கூரையின் கீழ் இருந்த எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு சிறு துண்டு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. தாளை என்னிடம்தான் நீட்டினார்கள். செதிள்செல் புற்று என்று இருந்தது. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்ததற்காக அன்று ஒரு நாள் வருத்தப்பட்டேன்.

நல்லவேளை, நெறிக்குப் பரவவில்லை. அறுவை செய்து முழுவதும் எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டி வருகிறோம். ஆயா இப்போது திரும்பவும் தார் சுற்றுகிறார். பாவாடைக்குக் கயிறு இல்லை. அக்கா அகலமான பட்டி வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். அம்மாவின் இடுப்பிலும் கறுத்த தடம் இருப்பது அதன் பிறகுதான் தெரிந்தது. அவருக்கும் பட்டிதான்.

பட்டி ஏன் நல்லது? இழுவிசை அதேதான், ஆனால் 5 மி.மீ. கயிறுக்குப் பதில் 30 மி.மீ. பட்டி என்றால் பரப்பு 6 மடங்கு. அழுத்தம் ஆறில் ஒரு பங்கு. முதலாண்டுக் கணக்கு!

முடிவுரை

நண்பர்களே, வீட்டுக்குப் போய் இவற்றைச் சொல்லுங்கள்:

* நாடாவை இறுக்க வேண்டாம். அகலப் பட்டி நல்லது. கட்டும் இடத்தைக் கொஞ்சம் மேலே கீழே மாற்றிக் கட்டலாம். வீட்டில் இருக்கும்போது தளர்த்திவிடலாம்.

* தடம் கறுத்து அரித்துச் செதில் விட்டால் அப்போதே கவனிக்க வேண்டும்.

* நாலு வாரத்தில் ஆறாத புண், ஓரம் தடித்த புண், தொட்டால் ரத்தம் வரும் புண், பழைய தீப்புண் தழும்பில் வரும் புதுப் புண், உள்ளங்காலிலோ நகத்திலோ பரவும் கறுப்பு, வாயில் வெள்ளைத் திட்டு, இவற்றைக் களிம்பு போட்டு மறைக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

* பணத்துக்குப் பயந்து நிற்க வேண்டாம். அரசு மருத்துவமனை இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு.

கேட்க வெட்கமாக இருந்தால் அக்கா, தங்கை மூலம் கேளுங்கள். அவர்கள் இல்லையென்றால் நீங்களே கேளுங்கள். அம்மாவோ ஆயாவோ முதலில் திட்டத்தான் செய்வார்கள். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளலாம். படிக்க வந்தோம் என்பதற்கு அதைவிட வேறு என்ன பயன்?

வருமுன் காப்போம்!