புதிய கார் ஸ்டீரியோவில் கோளாறா? முதலில் சோதிக்க வேண்டியவை மூன்று வயர்கள்

புதுதில்லி: காரில் புதிய ஸ்டீரியோ பொருத்தப்பட்ட அன்று பாட்டு தடையின்றி ஒலிக்கிறது. மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் கடிகாரம் தவறான நேரத்தைக் காட்டுகிறது. சேமித்து வைத்த பண்பலை நிலையங்கள் மறைந்துவிடுகின்றன. வேறு சில கார்களில் பேட்டரியே இறங்கிப்போய் எஞ்சின் கிளம்ப மறுக்கிறது. கருவி பழுது எனக் கருதிப் பலர் அதைக் கடைக்கே திருப்பி எடுத்துச் செல்கின்றனர். ஆனால், இத்தகைய கோளாறுகளில் பெரும்பாலானவை ஸ்டீரியோவின் பின்புறம் செய்யப்படும் வயர் இணைப்புகளில் இருந்தே தொடங்குகின்றன.

தில்லியின் கரோல் பாக், பெங்களூருவின் ஜே.சி. சாலை போன்ற கார் உதிரிப்பாகச் சந்தைகளில் ஸ்டீரியோ பொருத்தும் பணி நாள்தோறும் நடைபெறுகிறது. ஸ்டீரியோ இல்லாத அடிப்படை ரகக் கார்களை வாங்குவோரும், பழைய கார்களில் தொடுதிரை பொருத்த விரும்புவோரும் இச்சந்தைகளை நாடுகின்றனர். அவசரத்தில் செய்யப்படும் ஒரு தவறான இணைப்பு, சில நாள்களுக்குப் பிறகே வெளிப்படுவதும் உண்டு.

மூன்று வயர்களின் பணி

கார் ஸ்டீரியோ இயங்க மூன்று மின் இணைப்புகள் அடிப்படையானவை. முதலாவது, பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் தரும் நிரந்தர இணைப்பு. நேரம், நிலையங்கள், ஒலி அமைப்புகள் ஆகியவை நினைவில் நிற்க இதுவே உதவுகிறது. இரண்டாவது, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் பெறும் ஏசிசி இணைப்பு. ஸ்டீரியோவை எழுப்புவதும் உறங்கவைப்பதும் இதன் பணி. மூன்றாவது, மின்சுற்றை நிறைவு செய்யும் எர்த் இணைப்பு.

சந்தையில் தனியாக விற்கப்படும் ஸ்டீரியோக்களில் வயர்களின் நிறங்கள் பெரும்பாலும் ஒரே முறையைப் பின்பற்றுகின்றன. மஞ்சள் நிரந்தர மின்சாரத்துக்கும், சிவப்பு ஏசிசிக்கும், கறுப்பு எர்த்துக்கும் உரியவை. நீலம் ஆண்டெனாவுக்கும், வெள்ளைக் கோடிட்ட நீலம் ஆம்ப்ளிஃபயருக்கும் சமிக்ஞை அனுப்புகின்றன. ஸ்பீக்கர்களில் வெள்ளை முன்புற இடது பக்கத்தையும், சாம்பல் முன்புற வலது பக்கத்தையும், பச்சை பின்புற இடது பக்கத்தையும், ஊதா பின்புற வலது பக்கத்தையும் குறிக்கும். கறுப்புக் கோடிட்ட வயர் அந்தந்த ஸ்பீக்கரின் நெகட்டிவ் முனையாகும்.

நிறம் பார்த்து இணைப்பது ஏன் ஆபத்து?

இந்த நிற முறை ஸ்டீரியோவின் பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். காருக்குள் உள்ள வயர்களின் நிறத்தை ஒவ்வொரு கார் நிறுவனமும் தன் விருப்பப்படி அமைக்கிறது. ஆகவே காரின் சிவப்பு வயரை ஸ்டீரியோவின் சிவப்பு வயருடன் இணைப்பது வெறும் ஊகமே. ஐஎஸ்ஓ 10487 எனப்படும் சர்வதேசத் தர கப்ளரைப் பயன்படுத்தும் கார்களிலும் விதிவிலக்குகள் உள்ளன. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் சில கார்களில் நிரந்தர மின்சார முனையும் ஏசிசி முனையும் இடம் மாறி இருக்கும்.

இதற்குத் தீர்வு ஒரு மல்டிமீட்டர். அதனை டிசி வோல்ட் நிலையில் வைத்து, கறுப்பு முனையைக் காரின் வண்ணப்பூச்சு இல்லாத உலோகப் பகுதியில் தொட்டு, சிவப்பு முனையால் கப்ளரின் ஒவ்வொரு முனையையும் சோதிக்க வேண்டும். சாவியை எடுத்த பிறகும் சுமார் 12 வோல்ட் காட்டினால் அது நிரந்தர இணைப்பு. சாவியைத் திருப்பியதும் 12 வோல்ட் தோன்றி, எடுத்ததும் மறைந்தால் அது ஏசிசி. முகப்பு விளக்கைப் போட்டால் மட்டும் மின்சாரம் வந்தால் அது திரை வெளிச்சத்துக்கான வயர். இந்த மூன்றாவது வயரை ஏசிசி எனத் தவறாக எண்ணி இணைத்துவிட்டால், விளக்கு எரியும்போது மட்டுமே ஸ்டீரியோ பாடும்.

அறிகுறிகள் சொல்லும் காரணம்

ஸ்டீரியோ சிறிதும் உயிர் பெறவில்லை எனில், முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். கருவியின் பின்புறத்திலோ வயர் தொகுப்பிலோ ஒரு ஃபியூஸும், காரின் ஃபியூஸ் பெட்டியில் மற்றொன்றும் இருக்கும். பல கார்களில் ஸ்டீரியோவின் நிரந்தர மின்சாரமும் உட்புற விளக்கும் ஒரே ஃபியூஸைப் பகிர்ந்துகொள்கின்றன. ஸ்டீரியோ பொருத்திய பிறகு உட்புற விளக்கும் எரியாவிட்டால் அந்த ஃபியூஸ் போயிருக்க வாய்ப்புள்ளது. மொபைல் சார்ஜ் செய்யும் சாக்கெட்டும் இயங்காவிட்டால் ஏசிசி ஃபியூஸைச் சோதிக்கலாம்.

ஒவ்வொரு முறையும் நினைவு அழிந்தால், மஞ்சளும் சிவப்பும் மாறி இணைக்கப்பட்டுள்ளன என்றோ, மஞ்சள் வயருக்கு நிரந்தர மின்சாரம் கிடைக்கவில்லை என்றோ கொள்ளலாம். சாவியை எடுத்த பிறகும் ஸ்டீரியோ அணையாவிட்டால், இரு வயர்களும் நிரந்தர மின்சாரத்திலேயே இணைக்கப்பட்டுள்ளன. இதுவே பேட்டரியைக் காலி செய்யும். சிறிய கார்களில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி வழக்கமானது. ஒரு ஆம்பியர் மின்சாரம் 10 மணி நேரம் வீணானால், அதன் கொள்ளளவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஓர் இரவிலேயே கரைந்துவிடும்.

ஒலியைக் கூட்டியதும் ஸ்டீரியோ அணைந்து மீண்டும் எழுந்தால் எர்த் இணைப்பு பலவீனமாக இருக்கலாம். பாட்டு ஓடும்போது ஸ்டீரியோவின் உலோகக் கூட்டுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் அளவு பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் எனக் காட்டினால், எர்த் வயரைப் பூச்சு சுரண்டிய உலோகத்தில் போல்ட்டால் இறுக்குவது அவசியம்.

ஒலியில் எழும் சிக்கல்கள்

பாட்டில் அழுத்தமான பேஸ் ஒலி மட்டும் குறைந்திருந்தால், ஒரு ஸ்பீக்கரின் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகள் மாறியிருக்கக்கூடும். ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுப்பதால் தாழ்ந்த ஒலி அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஸ்டீரியோவிலிருந்து வயரைப் பிரித்து, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும். பேட்டரியின் பாசிட்டிவ் முனை ஸ்பீக்கரின் பாசிட்டிவ் முனையில் பட்டால் ஸ்பீக்கரின் கூம்பு வெளிநோக்கி நகரும்.

இன்றைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் ஒலி மின்சாரம் பாய்கிறது. எனவே ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயரைக் காரின் பாடியில் எர்த் செய்யக் கூடாது. அவ்வாறு செய்தால் கருவி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அதன் ஆம்ப்ளிஃபயர் பகுதி எரிந்துபோகவும் நேரலாம். எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் கீச்சொலி கேட்டால், எர்த் இணைப்புகளைச் சரிபார்த்து, ஆம்ப்ளிஃபயரின் மின் வயரையும் ஒலி வயரையும் வெவ்வேறு வழியில் கொண்டுசெல்ல வேண்டும்.

பண்பலை மட்டும் கரகரத்தால், கூரையில் உள்ள ஆண்டெனாவின் சிறு ஆம்ப்ளிஃபயருக்கு நீல வயர் வழியாக மின்சாரம் சென்று சேர்கிறதா எனப் பார்க்கலாம்.

புதிய கார்களில் கூடுதல் கவனம்

புதிய தலைமுறைக் கார்கள் பலவற்றில் ஏசிசி வயரே இருப்பதில்லை. சாவி திரும்பிய செய்தி, கேன் பஸ் எனப்படும் தரவு வலையமைப்பு வழியாகச் செல்கிறது. அவற்றுக்கு அந்த மாடலுக்கு உரிய கேன் பஸ் டிகோடர் தேவை. இல்லையெனில் ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்களும் இயங்காது.

நாட்டில் 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் கார்களில் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயமாக்கப்பட்டது. ஏர்பேக் வயர்களின் கப்ளர்கள் வழக்கமாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றை எக்காரணம் கொண்டும் சோதிக்கவோ வெட்டவோ கூடாது. டாஷ்போர்டைப் பிரிக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, காரின் கையேடு குறிப்பிடும் நேரம்வரை காத்திருப்பது பாதுகாப்பானது.

ஃபியூஸைப் பெரிதாக்குவது தீர்வாகாது

மிகப் பெரிய ஆபத்து, மீண்டும் மீண்டும் போகும் ஃபியூஸுக்குப் பதிலாகப் பெரிய ஃபியூஸையோ செம்புக் கம்பியையோ வைப்பதில் உள்ளது. 10 ஆம்பியர் ஃபியூஸ் போகிறது என்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். அங்கே 30 ஆம்பியர் ஃபியூஸை வைத்தால், ஃபியூஸுக்குப் பதிலாக டாஷ்போர்டுக்குள் இருக்கும் மெல்லிய வயர் சூடேறி உருகும். தீ தொடங்குவது அங்கேதான். வயர்களை முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளும் கோடை வெப்பத்தில் பசை இளகிப் பிரிந்து, இதே விளைவுக்கு வழிவகுக்கின்றன.

இதனால்தான் காரின் அசல் வயரை வெட்டாமல், அந்த மாடலுக்கான இணைப்பானைக் கொண்டு பொருத்தும் ‘கப்ளர் டு கப்ளர்’ முறை சிறந்ததாகக் கருதப்படுகிறது. வயரை வெட்டினால் காரின் மின் பாகங்களுக்கான வாரண்டியும் கேள்விக்குள்ளாகலாம். கார் நிறுவனத்தின் விலையில் அடங்காத மின்னணுச் சாதனங்களைக் கூடுதல் பிரீமியம் செலுத்தி மோட்டார் காப்பீட்டில் சேர்க்க, ஐஎம்டி 24 என்ற ஒப்புதல் வசதியும் உள்ளது.

கடையிலிருந்து காரை எடுக்கும் முன் சாவியை எடுத்து ஸ்டீரியோ அணைகிறதா, மீண்டும் போட்டால் நேரம் சரியாக இருக்கிறதா, நான்கு ஸ்பீக்கர்களும் தனித்தனியே ஒலிக்கின்றனவா, உட்புற விளக்கு எரிகிறதா, ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு சில விநாடிகளில் அணைகிறதா என்ற ஐந்தையும் சரிபார்ப்பது நல்லது. இதற்கு ஐந்து நிமிடங்களே போதும்.