நூறு ரூபாய்த் தீர்ப்பு

சரக்கெடுக்கச் சேலம் லீ பஜாருக்குப் போய் வருபவர்கள் நம்மில் பலர் உண்டு. மஞ்சளும் ஜவ்வரிசியும் அன்று என்ன விலை என்று கேட்டவுடன் சொல்லிவிடுவோம். ஆனால் அதே ஊரில் வாழ்ந்த ஒரு வக்கீல், தமக்கு அநீதி செய்த அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டு வென்ற கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வணிகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

அவர் பெயர் சி. விஜயராகவாச்சாரியார். செங்கற்பட்டு மாவட்டம் பொன்விளைந்த களத்தூரில் 1852ஆம் ஆண்டு பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1875இல் பட்டம் பெற்று, அரசுக் கல்லூரியில் ஆசிரியரானார். மங்களூருக்கு மாற்றப்பட்ட இடத்தில் மேலிடத்தோடு ஒத்துப்போகவில்லை. வேலையை உதறிவிட்டுச் சேலம் வந்து, நகராட்சிக் கல்லூரியில் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். சட்ட வகுப்புக்குப் போகாமலே, பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் சட்ட நூல்களைத் தாமே படித்துத் தேறினார். 1881இல் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே நகரசபை உறுப்பினரும் ஆனார்.

வந்தது சோதனை

அதே 1882இல் சேலத்தில் பெருங்கலவரம் மூண்டது. அதைத் தூண்டியவர் என்று முப்பது வயது விஜயராகவாச்சாரியார் மீது குற்றம் சாட்டப்பட்டது. பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நகரசபைப் பதவியும் பறிபோனது. நேற்றுத்தான் கடை திறந்தவனுக்கு இன்று பூட்டுப் போட்ட கதையாயிற்று.

அவர் ஒடுங்கிவிடவில்லை. உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். புகழ்பெற்ற பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன் அவருக்காக வாதாடினார். குற்றமற்றவர் என்று விடுதலையானார்.

‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று நாமாக இருந்தால் அத்தோடு வீடு திரும்பியிருப்போம். அவர் திரும்பவில்லை. தம்மை நகரசபையிலிருந்து நீக்கியது செல்லாது என்று இந்திய மந்திரி மீதே வழக்குத் தொடுத்தார். வென்றார். பறிக்கப்பட்ட பதவி திரும்பக் கிடைத்தது. நஷ்டஈடாக நூறு ரூபாயும் கிடைத்தது. தொகை சிறிதுதான். ஆனால் ‘தவறு எங்களுடையது’ என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதற்குச் சமமான ரசீது அது!

இன்னொன்றும் செய்தார். அதே கலவர வழக்கில் தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களுக்காக வைஸ்ராய் ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டு, அவர்கள் விடுதலைக்கும் வழி செய்தார். தாம் கரையேறியதும் தண்ணீரில் தத்தளிப்பவர்களை மறந்துவிடவில்லை.

பின்னாளில் சென்னைச் சட்டசபையிலும் மத்தியச் சட்டசபையிலும் உறுப்பினராக இருந்தார். 1920இல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1944இல் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

கடைக்கு ஒரு நோட்டீஸ் வருகிறது. நம் பக்கம் நியாயம் இருந்தும், ‘எதற்கு வம்பு’ என்று பணத்தைக் கட்டிவிடுகிறோம். செய்யாத தவறுக்கு ஒருமுறை கட்டினால், நம் பெயரில் அது தவறாகவே பதிவாகிவிடும். அடுத்த முறை அதையே காட்டிக் கேட்பார்கள்.

எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று முதலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பில், ரசீது, உரிமம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். தனியாக முடியாவிட்டால் சங்கத்துக்கு வாருங்கள். தப்பு நம் பக்கம் இருந்தால் திருத்திக்கொள்வோம். இல்லையென்றால் கடைசிவரை நிற்போம்.

பக்கத்துக் கடைக்காரருக்கு அதே தொல்லை வரும்போது, நம் கடை ஷட்டரை இறக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல் அவரோடும் போய் நிற்போம். சேலத்து வக்கீல் செய்ததும் அதுதானே!