வறியவர் வழக்கு

வழக்குத் தொடுப்பவர் முதற்கண் நீதிமன்றக் கட்டணம் செலுத்துதல் வேண்டும் என்பதை யாவரும் அறிவோம். அதனைச் செலுத்த வகையற்றவர் என் செய்வது?

இவ்வினா பழமையானது. இங்கிலாந்தில் 1495-ஆம் ஆண்டிலேயே ஏழைகள் கட்டணமின்றி வழக்கிடச் சட்டம் இயற்றப்பெற்றது. உடுத்த உடையும் வழக்கிற்குரிய பொருளும் நீங்கலாகத் தமக்கு ஐந்து பவுன் பெறும் உடைமை இல்லையென்று மனுதாரர் ஆணையிட்டுக் கூறுவது அங்கு மரபாயிற்று. அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் தம் நாட்டு நீதிமுறையை உடன் கொண்டு சென்றனர். வர்ஜீனியாவின் கவுண்டி நீதிமன்றங்களில், முதுமையால் தளர்ந்தோர் தலைவரியை நீக்கியருளுமாறு மனுச் செய்துகொண்டனர்.

நம் நாட்டில் இதற்கு இடமளிப்பது 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் கட்டளை. முன்பு இதனைப் 'பாப்பர் வழக்கு' என்றனர். 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அச்சொல் நீங்கி 'வறியவர்' என்னும் பொருளுடைய சொல் இடம்பெற்றது. ஆயினும் நீதிமன்ற வாயிலில் பழைய பெயரே இன்னும் காதில் விழுகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில் இக்கட்டளைக்கு வேலை மிகுதி. காரணம் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் சுற்றுப்புற நிலங்களின் விலை ஏறிற்று. பாகம் கேட்டு வழக்கிடுபவர் நிலத்தின் அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டிருப்பின், தம் பங்கின் சந்தை மதிப்பின்மீது கட்டணம் செலுத்த வேண்டும். 2017-இல் இக்கட்டணம் நூற்றுக்கு ஏழரையிலிருந்து 3 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. எனினும் பங்கின் மதிப்பு 10 லட்சமாயின் கட்டணம் 30,000 ரூபாய். நிலம் பெருமதிப்புப் பெறப்பெற, அதனை இழந்தவர் நீதிமன்றப் படியேறுவது அரிதாகிறது. இம்முரண்பாட்டை எண்ணி நான் பலகால் வியந்ததுண்டு.

அப்பக்கத்து ஊரிலிருந்து கைம்பெண் ஒருவர் என்னிடம் வந்தார். கணவர் இறந்தபின் மைத்துனர் நிலத்தில் கால்வைக்க விடவில்லை. "ஐயா, கையில் காசில்லை, தாலிக்கொடி ஒன்றுதான் பெட்டியில் இருக்கிறது, அதை விற்றுக் கட்டட்டுமா?" என்றார். "வேண்டாம் அம்மா, அதை வைத்திருங்கள்" என்றேன்.

நான் அவ்வாறு சொன்னதற்குச் சட்டத்திலேயே இடமுண்டு. ஜப்தி செய்யலாகாத உடைமைகளை வறுமைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உடுக்கும் துணி, சமையற் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி, சமய வழக்கப்படி ஒரு பெண் பிரியலாகாத அணி ஆகியன அவ்வகையின. வழக்கிலுள்ள நிலமும் கணக்கில் வாராது.

எஞ்சிய உடைமை அனைத்தையும் மதிப்புடன் பட்டியலிட்டு, மனுதாரரே நேரில் வந்து மனுவைக் கொடுத்தல் வேண்டும். மனுவிற்கு முன் இரண்டு மாதங்களுக்குள் வஞ்சகமாக எதனையேனும் விற்றிருந்தால் மனு தள்ளுபடியாகும். எதிர்த்தரப்பிற்கும் அரசு வழக்கறிஞருக்கும் அறிவிப்புச் செல்லும், அதன்பின் விசாரணை. இந்த விசாரணைதான் கடினமானது. ஊரறிந்த வறுமையைப் பலர் முன்னிலையில் மீண்டும் ஒருமுறை மெய்ப்பிக்க வேண்டும்.

அவ்வம்மையார் தம் பட்டியலில் இரண்டு ஆடுகளையும் மறையாது எழுதச் சொன்னார். எழுதினோம். மைத்துனர் தரப்பு அந்த ஆடுகளையே பிடித்துக்கொண்டது. ஆனால், கட்டணத்தை நேரிய வழியில் திரட்டும் ஆற்றல் உண்டா என்பதே கேள்வி என உச்ச நீதிமன்றம் 2011-இல் விளக்கியுள்ளது. ஆடு இரண்டை விற்றால் 30,000 ரூபாய் கிடைக்குமா? நீதிபதி அதனையே கேட்டார். மனு ஏற்கப்பட்டது.

ஒன்று மறக்கலாகாது. இது கட்டண விலக்கு அன்று, தவணை எனலாம். வென்றால் வழக்குப் பொருளிலிருந்து அரசு கட்டணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். தோற்றால் மனுதாரரே செலுத்துமாறு ஆணை பிறக்கும். மனு மறுக்கப்பட்டாலோ, கட்டணம் செலுத்தி வழக்கை நடத்தும் வழி அடைபடுவதில்லை. வழக்கறிஞர் அமர்த்த இயலாத பெண்கள், வருமானம் எவ்வளவாயினும், 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும்.

அவ்வம்மையாரின் மூலவழக்கு இன்னும் நடைபெறுகிறது. வாய்தா நாள்களில் ஆடுகளை அண்டை வீட்டில் கட்டிவிட்டு வருகிறார்.