படுத்தால் சுற்றும் தலை: காதுக்குள் நழுவிய கற்கள்

டாக்டரிடம் போய் "மயக்கமா வருது" என்று சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பேச்சில் மயக்கம் என்றால் கண் இருட்டிக்கொண்டு வருவதும் அதுதான், நடை தள்ளாடுவதும் அதுதான், அறையே ராட்டினமாகச் சுழல்வதும் அதுதான். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. இந்தக் குறிப்பு மூன்றாவதில் ஒரு வகையைப் பற்றி மட்டும்: படுக்கும்போது, புரளும்போது, பரணை அண்ணாந்து பார்க்கும்போது வரும்; தலையை அசைக்காமல் இருந்தால் ஒரு நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். மருத்துவர்கள் சுருக்கமாக பிபிபிவி என்பார்கள்.

வீட்டில் இதற்குப் பித்தம் என்று பெயர். இல்லையென்றால் கழுத்து எலும்புத் தேய்மானம். என் பெரியம்மா கழுத்துப் பட்டையைப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தே தூங்கினார். பாவம், கழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

விஷயம் உள்காதில். அங்கே யூட்ரிக்கிள் என்று ஒரு சின்னப் பை. அதன் தரையில் பொடிப்பொடியாகக் கால்சியம் கார்பனேட் படிகங்கள், அதாவது முட்டை ஓடு எதனால் ஆனதோ அதே பொருள். பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை உணர்வதற்காக அவை அங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கத்திலேயே திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள். இவற்றின் வேலை தலை திரும்புவதை உணர்வது. வயதானாலோ, தலையில் அடிபட்டாலோ, பல பேருக்குக் காரணமே தெரியாமலோ, சில படிகங்கள் பிய்த்துக்கொண்டு குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. பெரும்பாலும் பின்பக்கக் குழாயில்.

இப்போது நீங்கள் படுத்தால் துகள்கள் குழாயில் சரியும். சரியும்போது திரவத்தைத் தள்ளும். தலை நின்ற பிறகும் "இன்னும் சுத்திக்கிட்டிருக்கு" என்று காது மூளைக்குச் சொல்லும். துகள்கள் அடியில் போய்த் தங்கியதும் செய்தி நின்றுவிடும், சுற்றலும் நின்றுவிடும். படுத்து ஓரிரு நொடி கழித்து ஆரம்பித்துச் சீக்கிரமே முடிந்துவிடுவது இதனால்தான்.

ஆக, இது கல் இடம் மாறிய கோளாறு. மாத்திரை குமட்டலைக் குறைக்கும், கல்லை நகர்த்தாது. திருவிழாக் கடைகளில் கண்ணாடி மூடி போட்ட சின்னப் பெட்டி விற்பார்களே, சாய்த்துச் சாய்த்து உள்ளே இருக்கும் குண்டைக் குழிக்குக் கொண்டுபோக வேண்டும். வைத்தியமும் அதேதான், பெட்டிக்குப் பதில் தலை. அமெரிக்காவில் போர்ட்லேண்ட் நகரின் காது மருத்துவர் ஜான் எப்லி இதை 1980களிலேயே செய்து காட்டினார். சக மருத்துவர்கள் பலர் நம்பவில்லை, கேலியும் செய்தார்கள். கட்டுரை முறையாக வெளியானது 1992ல்தான். இன்று உலகம் முழுக்க முதல் சிகிச்சையே அது.

செய்வதற்கு முன் எந்தக் காது என்று தெரிய வேண்டும். மெத்தையில் உட்கார்ந்து தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி மல்லாக்கப் படுத்துப் பாருங்கள். நிதானமாக எழுந்து இடப்பக்கமும் அப்படியே. எந்தப் பக்கம் திரும்பும்போது சுற்றுகிறதோ அந்தக் காது. முதல் தடவை இதை டாக்டரே பார்த்து உறுதி செய்வது நல்லது. கண்கள் துடிக்கும் விதத்தைப் பார்த்து எந்தக் குழாய் என்பதையும் அவர் சொல்லிவிடுவார்.

வலது காது என்று வைத்துக்கொள்வோம். படுத்தால் தோளுக்கு அடியில் வருகிற மாதிரி ஒரு தலையணையைப் போடுங்கள். தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, அப்படியே சட்டென்று மல்லாக்கப் படுங்கள். தலை கொஞ்சம் பின்னால் தொங்க வேண்டும். சுற்றும். சுற்றட்டும், துகள்கள் நகர்கின்றன என்று அர்த்தம். அது நின்று 30 நொடி ஆனதும் தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்புங்கள். இன்னொரு 30 நொடி. பிறகு உடம்போடு இடப்பக்கம் புரண்டு, மூக்கு தரையைப் பார்க்கிற மாதிரி இருங்கள். மறுபடி 30 நொடி. கடைசியாக முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, இடப்பக்கமாகவே எழுந்து உட்காருங்கள். உடனே நடக்க வேண்டாம், சில நிமிஷம் உட்கார்ந்திருங்கள். இடது காது என்றால் எல்லாத் திசையையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை, 24 மணி நேரம் சுற்றல் இல்லாத வரைக்கும். பலருக்கு ஓரிரு நாளிலேயே அடங்கிவிடும்.

தனியாகச் செய்யாதீர்கள், யாராவது பக்கத்தில் இருக்கட்டும். கழுத்தில் அறுவை செய்தவர்கள், கழுத்து ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்கள், விழித்திரை விலகல் உள்ளவர்கள் வீட்டில் முயலவே வேண்டாம். பேச்சு குழறினாலோ, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ, இதுவரை வராத தலைவலி வந்தாலோ, சுற்றல் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடினாலோ அது இந்தக் கல் விவகாரம் இல்லை. நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலும் அப்படியே.

செய்தும் பலன் இல்லையென்றால் துகள் பக்கவாட்டுக் குழாயில் இருக்கலாம். அதற்கு உருளும் முறை வேறு, டாக்டர் காட்டித்தருவார். சரியானவர்களுக்கும் இது திரும்ப வருவது உண்டு. எந்தக் காது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். ஆனால் அடுத்த தடவை மறுகாதாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்த்த பிறகே தலையைத் திருப்புங்கள்.