கருவியை அகற்றலும் மரணத்தின் கணமும்

மூளை முற்றாகச் செயலிழந்தவரின் சுவாசக் கருவியை அகற்றுவது கொலையாகுமா? ஆகாது என்பதில் இரு ஃபிக்ஹு பேரவைகள் ஒன்றுபடுகின்றன. மரணத்தின் கணம் எது என்பதிலேயே வேறுபடுகின்றன.

1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, மூளை மீளா வகையில் செயலிழந்து சிதையத் தொடங்கியதாக நிபுணர்கள் தீர்ப்பளித்தால், கருவியால் இதயம் துடிப்பினும் அவர் இறந்தவரே என்றது. 1987இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹுப் பேரவையோ, கருவியை அகற்றியபின் சுவாசமும் இதயமும் முற்றாக நின்றாலன்றி மரணத்தின் சட்டங்கள் செல்லா என்றது.

இவ்வேறுபாடு சொல்லளவினதன்று. இடைப்பட்ட நேரத்தில் மகன் இறந்துவிட்டால், முதல் தீர்மானப்படி அவன் தந்தையின் வாரிசு, இரண்டாவதன்படி அல்லன். மனைவியின் இத்தாவும் அவ்வாறே கணிக்கப்படும். ஆகவே இரு நேரங்களையும் மருத்துவரிடம் எழுதிப் பெற்று, ஆலிம்களிடம் தீர்ப்புக் கேட்பதே பேணுதலாகும்.